மிஞ்சிய சுண்ணாம்பு

மரித்தோர் திருநாளுக்கு முதல்நாளே சேமக்காலைக்குப் போயும் புளோரன்ஸ் பிந்திவிட்டாள். கணவன் எமிலின் கல்லறைக்கு யாரோ வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். யாரோ என்ன, சுண்ணாம்பு வாளியோடு மரியநாயகம்தான் நின்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரைக் கேட்டுத் தொட்டனீங்கள்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை, தங்கச்சி."

"மூண்டு வருசமாச் சொல்லுறன், இந்தப் பக்கம் வராதேங்கோ எண்டு! அந்த விபத்துக்குப் பிறகும் என்ரை முகத்திலை முழிக்க உங்களுக்கு எப்பிடி மனம் வருது?"

அவர் தூரிகையைக் கழுவினார்.

"மன்னிப்பு, மன்னிப்பு எண்டு சுவாமியாரும் பிரசங்கம் வைக்கிறார். எனக்கு அந்த மன்னிப்பே வேண்டாம்! விளங்குதோ?"

"ஓம். பிள்ளைக்கு அடிச்சதிலை கொஞ்சம் மிஞ்சினது. அதுதான்..."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பக்கத்துக் கல்லறை சின்னது. அதுவும் புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தது. ஆறு வயது டிலக்சி, மரியநாயகத்தின் ஒரே மகள். குடிவெறியில் எமில் மோட்டார் சைக்கிளால் அவளை அடித்துப்போட்டு, தானும் மதிலில் மோதிச் செத்த நாள்தான் இரண்டு சிலுவைகளிலும் எழுதியிருந்தது.

வாசல் படலையடியில் அவர் போய்ச் சேருமுன் புளோரன்ஸ் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஒருக்காலாவது எங்களைத் திட்டித் துலையுங்கோவன்!"