நாள் தவறாத பிள்ளை

“டெங்குங்க சேர். ரத்தம் கொறஞ்சு போயி இரத்தினபுரி ஆஸ்பத்திரியில கெடந்தா” என்றாள் விஜயகலா. றப்பர் தோட்டத்திலிருந்து வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பொய் அது.

அதிபர் கிருஷ்ணராஜ் கோபப்படவில்லை. தாய்க்குப் பின்னால் நின்ற ஷாமிளாவை ஒரு தடவை பார்த்தார். “ஆஸ்பத்திரியில குடுத்த துண்டுச் சீட்டு இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

துண்டுக்கு எங்கே போவது? விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

“மன்னிச்சிருங்க சேர், பொய்தான். பாதை சரிஞ்சதுல இருந்து எங்க டிவிஷனுக்கு பஸ் வர்றதில்ல. றப்பர் காட்டுக்குள்ளாற நடந்துதான் வரணும். மழ பேஞ்சா ஆத்தத் தாண்ட ஏலாது. வயசுப் புள்ளய எப்பிடிங்க தனியா அனுப்புறது? நாந்தான் வீட்டுல நிப்பாட்டி வச்சேன்.”

“எனக்குத் தெரியாதாம்மா? நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவந்தான்.” அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா சட்டம்னு ஒன்னு இருக்கே. நூத்துக்கு எம்பது வரவு இருக்கணும். இல்லாட்டி உயர்தரப் பரீட்சைக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது. வெளியில இருந்து தனியா எழுதலாம்னா அதுக்கும் நாள் முடிஞ்சிருச்சு. இனி அடுத்த வருசந்தான்.”

அடுத்த வருசம் என்ற ஒன்று தன் மகளுக்கு இல்லை என்பது விஜயகலாவுக்குத் தெரியும். ஷாமிளாவின் அண்ணன் சுரேந்திரன் வரக்காப்பொல டவுனில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தான். பரீட்சை இருக்கிறது, பரீட்சை இருக்கிறது என்று சொல்லித்தான் அவனை இதுவரை தள்ளி வைத்திருந்தாள். அந்தக் கடைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருத்தியாவது மறுபடி புத்தகத்தைத் தொட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

“நல்லாப் படிக்கிற புள்ள, அதான் வயித்தெரிச்சலா இருக்கு” என்றார் அதிபர். “பல்கலைக்கழகத்துக்கு எடுக்குற வெட்டுப்புள்ளி நம்ம மாவட்டத்துக்குக் கொறவு. கொழும்புல இந்த மார்க்க வச்சிக்கிட்டு கம்பஸ் வாசல்லகூட நிக்க ஏலாது. இங்க அதே மார்க்குக்கு எடம் கெடைக்கும். அதுக்காக எங்கெங்கயோ இருந்து ஆளுங்க ஏங்கிக்கிட்டு இருக்காங்க. நீங்க கைக்கு வந்தத தட்டி விட்டுட்டீங்க.”

விஜயகலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இவ வகுப்புலயே தக்‌ஷிகான்னு ஒரு புள்ள இருக்கு. மழையோ வெள்ளமோ, ஒரு நாள் நின்னதில்ல. முழு வரவு. என்ன டீச்சர்?”

வகுப்பாசிரியை சுகந்தினி ஜன்னலோரம் நின்றிருந்தார். பிள்ளைகளின் வீட்டு நாய்களைக்கூடப் பேர் சொல்லி விசாரிக்கிறவர். “ஆமா சேர்” என்றதோடு வாயை மூடிக்கொண்டார்.

ஷாமிளா சட்டென்று நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் முகத்தைத் திருப்பி வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஷாமிளாவின் பார்வை மறுபடி தரைக்கே போய்விட்டது.

“அந்தப் புள்ள எந்தத் தோட்டமுங்க சேர்?”

“தோட்டமில்ல. தூரம். ஒங்களவிட ரொம்பத் தூரம். அத யோசிச்சுப் பாருங்க.”

விஜயகலா எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினாள். “ஒரே ஒரு தடவ மனசு வச்சு வரவு போட்டு விடுங்க சேர். சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம்.”

“வராத புள்ளைக்கி வரவு போடச் சொல்றீங்களா?” அதிபரின் குரல் தணிந்தே இருந்தது. “இத்தன வருசமா மடியில கனமில்லாம இருந்துட்டேன்மா. இனிமே அந்தப் பாவத்த என் தலையில ஏத்தாதீங்க.”

இப்படிப்பட்ட மனுசனிடமா பொய் சொன்னோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. அதற்கு மேல் கெஞ்சவும் வழியில்லை, வாதாடவும் வழியில்லை. எந்த வருசமானாலும் இவர் கையெழுத்துத்தானே வேண்டும்? மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடக்கி வைத்திருந்தது எல்லாம் தாழ்வாரத்தில் வெடித்தது.

“அவளும் பொம்பளப் புள்ளதானே? அவளுக்கு மட்டும் மழ பேயலயா? ஆத்துல தண்ணி வரலயா? நான் நிப்பாட்டுனா என்ன, அழுது அடம்புடிச்சாவது நீ வந்திருக்க வேணாமா? அவ காலக் கழுவித் தண்ணியக் குடிச்சாலும் ஒனக்குப் புத்தி வராது.”

ஷாமிளா உதட்டைக் கடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வரக்காப்பொலக் கடையின் கண்ணாடிக் கதவை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள். காலையில் உள்ளே போகிற பிள்ளைகள் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள்.

அவளுடைய வகுப்பறை வந்தது. வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விஜயகலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கோபம் வடிந்து, ஏக்கம்தான் மிச்சமிருந்தது.

“இதுல யாருடி அந்தத் தக்‌ஷிகா? காட்டு. அந்தப் புள்ள மொகத்த நான் ஒருக்காப் பாக்கணும்.”

ஷாமிளா திரும்பி அதிபர் அறையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. தாயின் காதோரம் குனிந்தாள்.

“அவ கொழும்புல படிக்கிறாம்மா, இங்க பேரு மட்டுந்தான்.”