சிஸ்டம் ரொம்ப ஸ்லோ

“இதுவும் பொருந்தாதா? போன வாரம் வாங்கியாந்ததுக்கு போர்டுல செருக எடமில்லன்னீங்க. மாத்திட்டு வந்தேன். இதுக்கு என்ன கேடு?”

பவானி போட்ட கத்தலில் கீரப்பாளையத்தில் நம் தெருவே டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

“நம்ம கம்ப்யூட்டர் பழசுடி. எந்த எஸ்.எஸ்.டி.யும் ஒத்துவராது. திருப்பிக் குடுத்துடு” என்றான் செந்தமிழ்செல்வன்.

பாவம், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவன். சிஸ்டம் ஸ்லோ, வேலை முடியவில்லை என்று சாயங்காலமே அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே சோறு ஆறி அவலாகிவிடும். எஸ்.எஸ்.டி. போட்டுக் கம்ப்யூட்டர் வேகமானால் புருஷன் ஒரு வேளையாவது தன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று பவானிக்கு ஆசை.

மறுநாள் அவன் வெளியே போன நேரம் பார்த்து, அந்த எஸ்.எஸ்.டி.யோடு சிபியுவையே ஆட்டோவில் ஏற்றிச் சிதம்பரம் கடைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

“இது எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொருந்துமே” என்றபடி கடைக்காரர் மூடியைக் கழற்றினார். சிரித்துவிட்டார்.

“ஏம்மா, உள்ள ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருக்குதே! ஒசத்தி சாமான் வேற.”

ஸ்விட்சைப் போட்டார். பவானி முகத்தைத் துடைத்து நிமிர்வதற்குள் திரை வந்துவிட்டது.

“இதப் போயி ஸ்லோன்னு யாரு சொன்னது?”

பவானி சிபியுவைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றினாள்.

இப்போது அவள் கடலூரில், அண்ணன் வீட்டில் இருக்கிறாள். கோர்ட்டில் எல்லாம் முடிந்ததும், சாத்திய கதவுக்குள் தினமும் கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்த கம்மாபுரத்துப் பெண்ணையே அவன் கட்டிக்கொண்டான். போன வாரம் அந்தப் புதுப்பெண் நம் தெருவில் விசாரிக்கிறாள்:

“அக்கா, எங்க வூட்டுக்காரரு சிஸ்டம் ரொம்ப ஸ்லோவாம். நல்ல எஸ்.எஸ்.டி. எங்க கெடைக்கும்?”