பாவத்துக்கு மியூச்சுவல்

"கருணா, எனக்கு ஒரு மியூச்சுவல் போடுய்யா."

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார் சவரிராஜ்.

நிலக்கரி மைன்ஸில் அது சகஜம். உன் ஷிஃப்டை நான் பார்க்கிறேன், என் ஷிஃப்டை நீ பார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கருணாகரனும் சவரிராஜும் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

"எந்த ஷிஃப்டு?"

"ஷிஃப்டு இல்லப்பா. பாவசங்கீர்த்தனம்."

கருணாகரன் வாயிலிருந்த காபி பலா மரத்தடிக்குப் போய்விட்டது.

"ஞாயித்துக்கெழம எம் பொண்ணு ஷைனிக்குப் புதுநன்மை. குழந்தை மொத மொத நற்கருணை வாங்கப் போவுது. அப்பன்காரன் பாவசங்கீர்த்தனம் பண்ணாம பக்கத்துல நிக்கக் கூடாதுன்னு வூட்ல செசிலியா ஆடிக்கினு இருக்கா. எனக்கு வாரம் பூரா செகண்ட் ஷிஃப்டு. சர்ச்சுல சாமியார் பாவத்தைக் கேக்க உக்காருறது சாயங்காலம். நீதான் இந்த வாரம் லீவாச்சே, எனக்குப் பதிலா போயி சொல்லிட்டு வந்துடு."

"யோவ், நான் பிள்ளையார் கோயிலுக்குப் போறவன்யா!"

"அதனால என்ன? பாவம் என்னுது. வாய் மட்டுந்தான உன்னுது?"

இதற்கு மேல் தர்க்கம் பேச யாரால் முடியும்?

"சரி, சொல்லித் தொலை."

சவரிராஜ் விரலை மடக்கினார். "நாலஞ்சு ஞாயிறு பூசைக்குப் போவல. மச்சான் கல்யாணத்துல குடிச்சேன். தவக்காலத்துல சிக்கன் பகோடா தின்னேன். ஃபோர்மேனைக் கெட்ட வார்த்தையில திட்டினேன், மனசுக்குள்ளதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கருணாகரன் தலைக்கு மேல் தொங்கிய பலாக்காய்களைப் பார்த்தார். "இந்த வருஷம் ஒண்ணும் காணாமப் போகல. போன வருஷம் கலியன் பழத்தைச் சாக்குல கட்டிக்கிட்டுப் போனதை நீ பார்த்துச் சொன்னியே, அதோட சரி. பாவம், அவனை இப்ப நம்ம பிளாக்குல யாருமே தோட்ட வேலைக்குக் கூப்பிடுறதில்ல."

"ஆமாமா... ஷிஃப்டு பஸ் வந்துடும்பா" என்று சவரிராஜ் தலையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, சவரிராஜ் வாயில் பிரஷ்ஷோடு சுவருக்கு ஓடி வந்தார்.

"முடிஞ்சுதா? சாமியார் என்ன சொன்னாரு?"

"மியூச்சுவல்னதும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். இதுல ஆள் மாத்த முடியாதுன்னார். வந்தது வந்தீங்க, உங்க மனசுல ஏதாவது இருந்தா பேசிட்டுப் போங்கன்னார். பலாப்பழத்தைப் பத்திச் சொன்னேன்."

"எந்தப் பலாப்பழம்?"

"நீ திருடினது."

பிரஷ் கீழே விழுந்தது.

"உனக்கு எப்படிய்யா..."

"அன்னைக்கே தெரியும். காடாம்புலியூர்ல வாங்கினதுன்னு ஷைனிகிட்ட ஒரு கிண்ணம் சுளை கொடுத்து விட்டீங்களே. என் மரத்துச் சுளை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"உன்னைக் கேட்டா நம்ம பேச்சு வார்த்தை நின்னு போயிடும். கலியனைச் சொன்னா யாரு கேக்கப் போறா? அதான் நானும் அவன் பேரையே சொல்லிட்டுத் திரிஞ்சேன். உன் பாவம்னுதான் சொல்ல ஆரம்பிச்சேன். பாதியிலே என் பாவமாயிடுச்சு. அங்கேயே அழுதுட்டேன்யா."

சவரிராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பரிகாரம் என்ன சொன்னாரு? அருள்நிறை மந்திரமா? எத்தினின்னு சொல்லு, இப்பவே சொல்லிடறேன்."

"மந்திரமெல்லாம் இல்ல. வருத்தப்பட்டா மட்டும் போதாது, யார் பொழப்பைக் கெடுத்தோமோ அவங்க வாசல்ல போய் நிக்கணும்னார். நேத்தே மந்தாரக்குப்பத்துக்குப் போய் நின்னுட்டேன்."

"கலியன் வூட்டுக்கா?" சவரிராஜ் குரலைத் தாழ்த்தினார். "அப்ப, எனக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்டுட்டியா?"

கருணாகரன் தன் வீட்டு கேட்டைக் காட்டினார். அங்கே மண்வெட்டியும் கையுமாக, சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான் கலியன்.

"என் பங்கைக் கேட்டாச்சு. பழத்தை எடுத்தது யாருன்னு மட்டும் நான் சொல்லல. அதுக்கு மியூச்சுவல் கிடையாதாம். வாயைக் கொப்பளிச்சுட்டு வா."