எந்த வகையானாலும் போகும்

"கைப்பேசிக்குச் செய்தி அனுப்பற என் இன்டர்ஃபேஸ்ல இன்ன வகைத் தகவல்னு எங்கயுமே சொல்லலடா. அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன். மருந்துச் சீட்டோ, மின்தடை அறிவிப்போ, எதைக் குடுத்தாலும் அனுப்பிடும்."

லுசாகாவின் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டாவது வருடமாக வேலை பார்க்கும் முடாலே சொன்னாள். பக்கத்து இருக்கைச் சிலேஷே தலையைச் சொறிந்தான்.

"உள்ள என்ன போகுதுன்னு தெரிய வேணாமாக்கா?"

"மினிபஸ் கண்டக்டர் மூட்டையைப் பிரிச்சுப் பாத்தா ஏத்தறான்? இதனாலதான் நீ இன்னும் அதே நாற்காலியில இருக்கே."

அப்போது மேலாளர் ப்வால்யா வந்தார். அவர் உட்காரவில்லை.

"முடாலே, புதுசா ஒரு வகைத் தகவல் அனுப்பியிருக்கேன். உள்ள இருக்கறது ரகசியம், திறக்க வேணாம். உன்னோடதுல பொருந்துமா?"

"எதுவானாலும் பொருந்தும் சார்."

"மதியத்துக்குள்ள போகணும்."

"என் ன்ஷிமாக் களி ஆறறதுக்குள்ள போயிடும்."

சொன்னபடியே செய்தாள். தன் இன்டர்ஃபேஸில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் புதிய வகையைப் பொருத்தினாள். பொத்தானை அழுத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி திரையைக் காட்டினாள்.

"பாத்துக்கோ. ஒரு பிழை கிடையாது."

சிலேஷேயின் கைப்பேசி சிணுங்கியது. பின்வரிசையில் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லா மேசையிலும். கடைசியாக முடாலேயுடையது.

'அன்புள்ள முடாலே, இந்தக் கிளை இன்றோடு மூடப்படுகிறது. வெளியேறும்போது அடையாள அட்டையை வாயிலில் ஒப்படைக்கவும்.'

கையில் பிடித்த ன்ஷிமா உருண்டை வாய்க்குப் போகவில்லை. ப்வால்யாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

சிலேஷே தன் கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினான்.

"எனக்கும் சரியா வந்து சேந்துடுச்சுக்கா. ஒரு பிழை கிடையாது."