தங்கைக்கு விழுந்த கீறல்

ஓர் இசைத்தட்டில் அக்காவும் தங்கையும் முதுகோடு முதுகு ஒட்டிக் குடியிருந்தார்கள். அறுபதுகளில் ஒரே பாடகி ஒரே நாளில் பாடிய இரண்டு பாட்டுகள்தான் அவர்கள். அக்கா பாட்டு ஓடோ ஓடென்று ஓடியது. தங்கை இருந்த பக்கத்தை மட்டும் ஒருவரும் திருப்பிப் போடவில்லை.

"என் மேல இருக்கிற ஒவ்வொரு கீறலும் ஒரு கல்யாண வீட்டு ஆட்டம்டி" என்று அக்கா பீற்றிக்கொள்வாள். பளபளவென்று புதுசாகவே கிடந்த தங்கைக்கு அழுகை முட்டும். ஒரே ஒரு தடவை பாடிவிட்டால் போதும் அவளுக்கு.

பழைய சாமான் கடையில் கிடந்த அந்தத் தட்டை ஒருநாள் ஓர் இளவட்டக் கூட்டம் கண்டெடுத்தது. அந்தப் பாடகியின் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற பைத்தியங்கள். "அது எல்லாரும் கேட்ட பாட்டுப்பா, திருப்பிப் போடு!" என்றார்கள்.

தட்டைத் திருப்பி ரெக்கார்டு பிளேயரில் வைத்தார்கள். ஊசி வந்து இறங்கியதும் தங்கையிடமிருந்து கரகரவென்ற சத்தம்தான் வந்தது.

"ஏம்மா, இதுக்கா இத்தனை வருஷம் காத்திருந்தே?" என்றது ஊசி.

"பாடுடி, மக்கு!" என்று அடியில் குப்புறக் கிடந்த அக்கா கத்தினாள்.

பாடினாள். என்னமாய்ப் பாடினாள்! கூட்டம் குதித்த குதியில் தரை அதிர்ந்து, மேசை ஆடி, ஊசி துள்ளி விழுந்து சர்ரென்று இழுத்துவிட்டது.

"ஐயோ, கீறிட்டேனே! மன்னிச்சுக்கோம்மா" என்று பதறியது ஊசி.

தங்கை அதைக் காதில் வாங்கவே இல்லை. அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கூவினாள்: "அக்கா, எனக்கும் விழுந்துடுச்சு! எனக்கும் விழுந்துடுச்சு! எனக்கும் விழுந்துடுச்சு!"