மீந்தது

“ரெண்டு நாளா வயித்தால போகுது. உங்க ஓட்டல்ல கை நனைச்சதிலேர்ந்துதான்! கடைக்குச் சீல் வைக்கப் போறேன்,” என்றார் உணவு ஆய்வாளர், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

ஓட்டல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “மீந்ததைப் பரிமாறுற பழக்கமே நமக்குக் கிடையாது சார். வாங்க, டாக்டர்கிட்டயே கேட்டுடுவோம்.”

கையோடு அழைத்துப் போனார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்றார்.

“சளிக்கு ஒரு ஆன்டிபயாடிக், டாக்டர்,” என்று அட்டையை எடுத்து நீட்டினார் ஆய்வாளர்.

“சாதாரண சளிக்கு இவ்வளவு வீரியமான மருந்தா? நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பார்க்காம குடல்ல இருக்கிற எல்லாத்தையும் இது அடிச்சுத் தள்ளிடும். அதான் இந்தக் கூத்து. இன்னியோட நிறுத்துங்க. சாப்பாட்டு மேல பழி போடாதீங்க.”

“அப்படிச் சொல்லுங்க டாக்டர்!” ஓட்டல்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“ஆமா, எந்தப் புண்ணியவான் இதைக் கொடுத்தது?”

ஓட்டல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“இதோ, இவர்தான்! சாப்பிடும்போது தும்மினேன். தனக்கு வாங்கினதுல மிச்சம்னு கல்லாவிலேர்ந்து எடுத்துக் கொடுத்தார்,” என்ற ஆய்வாளர், ஓட்டல்காரரை முறைத்தார்.

“மீந்ததைப் பரிமாறாதீங்கன்னு எத்தனை தடவைய்யா சொல்றது?”