கிளாட்ஸ்டனின் கோட்டு

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் கட்டியிருந்த மரண அறிவித்தல் பெனரைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

முகம் யேசுரத்தினத்தின் முகம்தான். எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பல வருசமாகப் பார்த்துக்கொண்டவர். செத்ததும் அவர்தான், அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கறுப்புக் கோட்டு? அந்தச் சங்கிலி மணிக்கூடு? தடித்த புத்தகத்தின் மேல் ஊன்றியிருக்கும் அந்த வெள்ளைக் கை?

எல்லாம் என்னுடைய கிளாட்ஸ்டன்!

கிளாட்ஸ்டன் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரி. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களைப் படம் பிடித்துத் தடித்த அட்டையில் ஒட்டி விற்பார்கள். அந்த அட்டைகளைத் தேடித் தேடி வாங்குகிற விசர் எனக்கு. ஓய்வுபெற்ற நில அளவையாளருக்கு வேறென்ன வேலை? ஊவா மாகாணத்திலேயே இந்த விசர் எனக்கு மட்டும்தான் என்று ஒரு பெருமை வேறு.

பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் பெனரைப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்னா கம்பீரம் பாருங்க சார். கையில பைபிளு வேற. பழைய காலத்து தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரா இருந்திருப்பாரு போல."

"அது பைபிள் இல்லை. அது அவற்றை கையும் இல்லை!" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினேன்.

"சரோஜா! ஒரு பிரதம மந்திரியின்ரை தலையை வெட்டி எறிஞ்சுபோட்டு, யேசுரத்தினத்தின்ரை தலையை ஒட்டி நடுச்சந்தியிலை தொங்கவிட்டிருக்கிறாங்கள்! கேட்டுக்கேள்வி ஒண்டும் இல்லையோ?"

"இஞ்சேருங்கோ, அந்தப் படம் வந்து..."

"நீர் சும்மா இரும். பேஸ்புக்கிலை நான் போட்டதைக் களவெடுத்திருக்கிறாங்கள். இப்பவே போய்க் கழட்டச் சொல்லப் போறன்."

"போங்கோ. வடிவாப் போங்கோ. செத்தவீட்டுக்கு நேற்றே போயிருக்க வேணும். நான் தனியப் போய் நிண்டனான்."

நேற்று எனக்கு லண்டனிலிருந்து ஒரு பார்சல் வர இருந்தது. ஒரு நாடக நடிகையின் அட்டை. வராமலே போய்விட்டது, அது வேறு கதை.

நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் யேசுரத்தினம் குடும்பத்தின் லயத்து வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். வழி நெடுக, என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன். உரிமை, சட்டம், நாகரிகம் எல்லாம் அதில் வந்தது. லயத்து வாசலில் வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே, அதே பெனர் இன்னும் பெரிதாகத் தொங்கியது. கிளாட்ஸ்டனின் கோட்டுக்குள்ளிருந்து யேசுரத்தினம் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படம்..." என்று நான் தொடங்குவதற்குள் அவர் மனைவி பவுலினா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கய்யா. நீங்க இல்லாட்டி அவரு மூஞ்சி இல்லாமலே போயிருப்பாரு."

"என்ன?"

மகள் நிலுக்ஷி ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"ஒக்காருங்கய்யா. அப்பா போட்டோன்னாலே ஓடிருவாரு. படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சிருமாம். என் கலியாணப் படத்துலயும் லேஞ்சித் துணியால மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் நிக்கிறாரு. ஐடென்டிகாட்டுல இருந்த படமும் தேஞ்சு போச்சு. பெனருக்கு என்னா செய்யுறதுன்னு அழுதுகிட்டு இருந்தப்பதான், நேத்து உங்க வீட்டம்மா உங்க பழைய போனைக் கொண்டாந்து குடுத்தாங்க."

"என்ரை போனையா?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். படத்தில் கிளாட்ஸ்டன் அட்டையை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மண் அப்பிய பெனியனோடு யேசுரத்தினம் நின்றார். பேஸ்புக்கில் போட நான் படமெடுக்கும்போது, அட்டையில் என் நிழல் விழாமலிருக்க அவரைத்தான் வெயிலில் நிற்கவைத்து அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். நிலுக்ஷி விரலால் தள்ளத் தள்ள, அட்டைகள் மாறின. மகாராணி போனாள், தாடிக்காரக் கவிஞர் வந்தார், தளபதி வந்தார். பின்னால் நின்ற யேசுரத்தினம் மட்டும் மாறவில்லை. எல்லாவற்றிலும் அதே சிரிப்பு.

"இதுக்கு மட்டும் எப்படி நின்றார்?" என்று கேட்டேன்.

"ஐயா அட்டையில உள்ள தொரையத்தான் படம் புடிக்கிறாரு, என்னைய இல்லன்னு அப்பா சொல்லுவாருங்க. அதான் பயமில்லாம நின்னுருக்காரு." நிலுக்ஷி கண்ணைத் துடைத்தாள். "பெனியனோட போட முடியாதுன்னு, ஸ்டூடியோக்காரரு அப்பா கையில இருந்த தொரையோட கோட்டையே எடுத்து மாட்டி விட்டாரு."

பவுலினாவுக்கு என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது.

"தொர தலைய எடுத்துட்டோம்னு கோவிச்சுக்காதீங்கய்யா. கழட்டணும்னா அடக்கம் முடிஞ்சதும் கழட்டிர்றோம்."

"கழட்ட வேண்டாம் அம்மா," என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எங்க யாருக்குமே காட்டாத மூஞ்சிய உங்களுக்குத்தான் காட்டியிருக்காரு. அந்தச் சிரிப்ப நீங்க பத்திரமா வச்சிருந்தீங்களே, அது போதுங்க," என்று அவள் என்னைக் கும்பிட்டாள்.

அந்தச் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பேஸ்புக்கில் போடும்போது அட்டை மட்டும் தெரியட்டும் என்று, ஒரு படம் விடாமல் அவர் தலையை வெட்டிவிட்டுத்தான் போட்டிருந்தேன்.